உவர்க்குளத்தில் மணி நாலு பத்து

உவர்க்குளம் போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் நாற்பத்தோரு நாள் பொழுது சாயாமல் நின்றதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் வியந்து சொல்ல மாட்டார்கள். பஸ் ஸ்டிரைக்கைப் பற்றிச் சொல்வதுபோல், ஆமாம், ஒரு கோடையில் அப்படி இருந்தது, வெயில் மேற்கே பனைமர உயரத்தில் நின்றுவிட்டது, எல்லாக் கடிகாரத்திலும் மணி நாலு பத்து என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போக முடியாது. என் டீக்கடை ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருக்கிறது. லிங்கதுரையைக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் பதினோரு பேர், அதில் முதல் ஆள் நான்.

லிங்கதுரை தவமணி அண்ணாச்சியின் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். அன்று காலை வேலைக்குப் போகும்போதே முகத்தை மழமழவென்று சவரம் செய்து, நகம் வெட்டி, புது மாப்பிள்ளை மாதிரி என் கடை முன்னால் வந்து நின்றான். சாயங்காலம் அவன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் பிளேடு இடது தாடைக்குக் கீழே கீறிவிட்டதாம், பெண்டாட்டி சந்தனமாரி ஏசிக்கொண்டே மஞ்சள்தூளைத் தேட, உப்புக்காரனுக்கு உப்புத்தான் மருந்து என்று ஒரு கல் உப்பைத் தேய்த்துக்கொண்டு எரிச்சலில் குதித்தானாம், அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அளத்துக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து சைக்கிளைக் கடை ஓரம் சாய்த்துவிட்டு ஒரு டீ சொன்னான். நான் டீயை ஆற்றி கிளாஸை அவன் முன்னால் வைக்கிற நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். அண்ணாச்சி அளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைக் காணவில்லை, ஒரு சின்ன விசாரணை, அரை மணி நேரத்தில் விட்டுவிடுவோம் என்றார்கள். என்னை எதுக்குய்யா என்று அவன் கேட்டதற்கு, அங்கே வந்து கேட்டுக்கொள் என்று பதில் வந்தது. அவன் என்னைப் பார்த்து, "டீயை மூடி வைங்க அண்ணே, வந்து குடிக்கேன்" என்றான். நான் ஒரு தட்டை எடுத்துக் கிளாஸை மூடினேன். சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி நாலு பத்து.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அவன் அண்ணாச்சியிடம் போய், வெள்ளை வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துப் பொம்பளைகளுக்குக் கண் போகிறது, ஆளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருந்தான். ஊருக்கே தெரியும். மோட்டார் வேறு, கண்ணாடி வேறு என்று நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொண்டோம்.

எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் கூட்டிக்கொண்டு வருவது ஒரு நாள், அரெஸ்ட் காட்டுவது வேறொரு நாள். திங்கட்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைத் தூக்கி வந்து, வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் சந்தேகப்படும்படி ஓடும்போது பிடித்ததாக எழுதுவார்கள், நடுவில் உள்ள நாட்கள் யாருடைய நோட்டிலும் இருக்காது. இட்லி மாவு புளிப்பதற்கு ஒரு பொழுது வேண்டும் என்பதுபோல இதற்கும் மூன்று நாள் நாலு நாள் ஆகும் என்று நாங்களும் பழகியிருந்தோம், பெண்டாட்டி பிள்ளைகளும் பழகியிருந்தார்கள். லிங்கதுரைக்கும் அதே வழக்கப்படி எஸ்.ஐ. எதையும் எழுத விடவில்லை. ஆனால் இந்தத் தடவை சூரியன் கைது என்கிற அந்த ஒரு வரி எழுதப்படட்டும் என்று காத்துக்கொண்டு நின்றுவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவை கோழிகள்தான். கூட்டில் அடைவதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்தன. பள்ளிக்கூடம் விடுகிற மணி நாலு பத்துக்குத்தான் அடிக்கும், அதனால் பிள்ளைகள் பை தூக்கி ஓடி வந்தவர்கள் வந்தவர்கள்தான், மறுபடி பள்ளிக்கூடம் திறக்கிற காலை வரவே இல்லை. கோயில் பூசாரி சாயங்கால விளக்கை எப்போது ஏற்றுவது என்று தெரியாமல் எண்ணெயும் திரியுமாக உட்கார்ந்திருந்து கடைசியில் குத்துமதிப்பாக ஏற்றினார். மாதாகோயிலில் அந்தி மணி அடிக்கிற சேசம்மா, கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் தாய்மாமன் வரட்டும், வரட்டும் என்று காத்திருந்து, சமைத்த சோறு ஊசிப்போனதும் எழுந்து போனார்கள். பிள்ளையின் காது குத்தப்படாமலே இருந்தது.

மறுநாள் என்று ஒன்று உண்டு என்பதே பால் கேன் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பால் நாகலூரிலிருந்து பஸ்ஸில் வரும். ஓடைப் பாலத்தில் 'உவர்க்குளம் காவல் நிலைய எல்லை' என்று நீலப் பலகை நட்டிருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் விடிந்து, இருட்டி, மறுபடி விடிகிறது, இந்தப் பக்கம்தான் நிற்கிறது என்று டிரைவர் சாதாரணமாகச் சொன்னார். கண்ணில் வெயில் குத்துவதால் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவதாகவும் சொன்னார். நான் கேனை இறக்கிவிட்டு வழக்கப்படி சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டேன், மாதக் கடைசியில் பால்காரனோடு சண்டை வராமல் இருக்க நான் போடுகிற கோடு அது. அந்தக் கோடுகள்தான் பிறகு ஊரில் மிஞ்சிய ஒரே நாட்காட்டி.

மனுசன் எதற்கும் பழகுவான். ஒரு வாரத்துக்குள் எங்களுக்கு ராத்திரி இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. தூங்குவதற்கு ஜன்னலில் சாக்கும் படுதாவும் கட்டினோம். நிழல்கள் நகராததால் நிழலுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டானார்கள், தென்னை நிழல் விழுந்த இடத்தில் காய்கறிக் கடை, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சலூன் என்று நிரந்தரமாக இடம் பிடித்தார்கள், அதற்காக இரண்டு அடிதடியும் நடந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் பாலத்தைத் தாண்டி நாகலூரில் ராத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அதைக் கேலி செய்து கேலி செய்து எங்களுக்கே அலுத்துவிட்டது. மல்லிகை மொட்டு விரிவதே இல்லை என்பதால் எங்கள் ஊர்ப் பூவுக்கு வெளியூரில் ஏக கிராக்கி.

உப்புதான் எல்லாவற்றுக்கும் மேல். காயக் காய உப்பு. பாத்தியில் விட்ட தண்ணீர் கண் முன்னால் வெள்ளையாக உறைந்தது. தவமணி அண்ணாச்சி மூன்று ஷிப்டு போட்டார், கூலி கொஞ்சம் கூட்டினார், அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து மாதாகோயில் கோபுரத்தை மறைத்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள், எங்கள் ஊரில் வீடு எரியக்கூட இல்லை, ஒருவன் உள்ளே கிடந்தான், அவ்வளவுதான். என் விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எல்லாருக்கும் டீ குடிக்கத் தோன்றுகிற நேரம் நாலு பத்து. எங்கள் ஊரில் எப்போதும் நாலு பத்து. வடைச்சட்டி அடுப்பிலிருந்து இறங்கவே இல்லை.

சந்தனமாரி மட்டும் ஸ்டேஷன் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முதலில் அரை மணி நேரம் என்று நம்பி உட்கார்ந்தாள். பிறகு உள்ளே போய்க் கேட்டாள், அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். அவன் சைக்கிள் என் கடையில் நிற்கிறது என்றாள். சைக்கிளைத்தானே சொல்கிறாய், அதை எடுத்துக்கொண்டு போ என்றார்கள். என் கோட்டுக் கணக்கில் மூன்றாவது நாள் அவள் பாலத்தைத் தாண்டிப் போய் நாகலூரில் இலவச சட்ட உதவி பார்க்கிற ஜெசிந்தா வக்கீலைக் கண்டுபிடித்தாள். ஜெசிந்தா ஒல்லியான பொம்பளை, எப்போதும் இருமிக்கொண்டிருப்பாள், சத்தமே வராது. அவள் சந்தனமாரியை உட்கார வைத்து, விரலை மடக்கி மடக்கி மூன்று விசயத்தை மனப்பாடம் பண்ண வைத்தாளாம். பிடிபட்டவனிடம் ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இது யார் போடுகிற பிச்சையும் இல்லை, அரசியல் சட்டத்தில் இருபத்திரண்டாவது பிரிவு, திருடனுக்கும் உண்டு, திருடாதவனுக்கும் உண்டு.

சந்தனமாரி திரும்பி வந்து ஸ்டேஷன் வாசலில் நின்று அந்த மூன்றையும் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, ஜெபம் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பள்ளிக்கூடம் இல்லாமல் தெருவில் திரிந்த பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டு, பாண்டி விளையாடும்போது ஒரு கட்டத்துக்கு ஒன்றாக, ஏன் பிடிச்சேன்னு சொல்லு, வக்கீலைப் பாக்க விடு, இருபத்து நாலுக்குள்ள நிறுத்து என்று தாவத் தொடங்கின. ஸ்டேஷன் வாசலுக்கு எதிரேயே தாவின. எஸ்.ஐ. அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. வெளியே வந்து அவளைக் கூப்பிட்டு உள்ளே இருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

"சட்டம் எனக்கும் தெரியும்மா. இருபத்து நாலு மணி நேரம் ஆகட்டும், கொண்டுபோய் நிறுத்துதேன். இப்ப மணி என்ன ஆகுது, நீயே பாத்துச் சொல்லு."

மணி நாலு பத்து. ஆனால் அன்றைக்கு அவர் வாயிலிருந்தே ஒன்று வந்துவிட்டது, அவன் உள்ளே இருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு, ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்றால் வீட்டார் ஓடிப்போய்க் கலெக்டருக்கும் கோர்ட்டுக்கும் தந்தி அடித்து வைப்பார்கள். தந்தியில் நேரம் விழும், பின்னால் போலீஸ் வேறு தேதி எழுதினால் அந்தத் துண்டுச் சீட்டுத்தான் சாட்சி. சந்தனமாரியும் அடித்தாள், தினமும் அடித்தாள், எங்கள் போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் தினமும் அதே தேதி, அதே நாலு பத்து விழுந்தது. ஒரே தந்தியை எதற்கு இத்தனை பிரதி அனுப்புகிறீர்கள் என்று ஒரு ஆபீஸிலிருந்து கண்டித்துக் கடிதம் வந்தது. நாகலூரிலிருந்து அடித்துப் பார்த்தாள், அதில் தேதி சரியாக விழுந்தது, பதில்தான் வரவில்லை. ஜெசிந்தா மதுரை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டாள். அதற்கு ஸ்டேஷனிலிருந்து போன பதிலை ஜெசிந்தா எங்களுக்குப் படித்துக் காட்டினாள்: இந்த எல்லைக்குள் இன்னும் வராத தேதிகளில் நடந்ததாகச் சொல்லப்படும் சங்கதிகளுக்குப் பதில் சொல்ல எதிர்மனுதாரர் கடமைப்பட்டவர் அல்ல. நாங்கள் சிரித்தோம். நன்றாகத்தானே எழுதியிருக்கிறான் என்று ஒருத்தன் பாராட்டக்கூடச் செய்தான்.

ஸ்டேஷன் ரைட்டர் கோயில்பிள்ளை என் கடையில்தான் டீ குடிப்பார். தினசரி நடப்பை நோட்டில் எழுதுகிற வேலை அவருடையது. அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் சந்தனமாரி பக்கத்தில் இருக்கும்போதே, கிளாஸைப் பார்த்தபடி, நோட்டில் அந்த வரி காலியாகக் கிடக்கிறது, அதைத் தாண்டி அடுத்த வரி எழுதப் போனால் பேனா நகர மாட்டேன் என்கிறது, அதை எழுதவும் விட மாட்டேன் என்கிறார்கள் என்றார். பிறகு அவளிடம் மெதுவாக ஒன்று சொன்னார்.

"வெயில் நிக்கிற வரைக்கும் கவலப்படாத தாயி. அவன் உயிரோட உள்ள இருக்க வரைக்கும்தான் இது நிக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பொழுது சாய வேண்டும் என்பதற்காக ஊர் ஊராக அலைந்தவள், பொழுது சாய்ந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினாலும் சூரியன் இறங்கும், அவன் செத்தாலும் சூரியன் இறங்கும். ஒரு தடவை கடலிலிருந்து மேகம் ஏறி வெயிலை மறைத்தது, ஊரே வெளியே வந்து அப்பாடா என்று முகத்தைக் காட்டி நின்றது, அவள் மட்டும் மண்ணில் விழுந்து, நில்லு, நில்லு என்று இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டாள். மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்த பிறகுதான் எழுந்தாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிடக்கூட எங்களில் யாரும் போகவில்லை.

அவனைக் கூட்டிப்போனதைப் பார்த்தவர்கள் யாராவது ஒருவர், எத்தனை நாள் ஆனது என்று சத்தியக் கடிதாசியில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். பதினோரு பேர் பார்த்தோம். என்னைத் தவிர மற்றப் பத்துப் பேர் வீட்டுக்கும் சந்தனமாரி போனாள். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு அண்ணாச்சியிடம் வேலை, ஒருவர் அன்றைக்கு மூக்குக்கண்ணாடி போடவில்லை. எல்லாரும் தட்டாமல் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு நாள்தானே ஆகியிருக்கிறது, பொறு. தவமணி அண்ணாச்சியே ஒரு மூட்டை அரிசியோடு அவள் வீட்டுக்குப் போய், அவன் என் பிள்ளை மாதிரி, ஒரு நாள் பொறு தாயி என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எங்கள் ஊரில் சும்மாவா சொல்கிறோம். அவள் அந்த மூட்டையை வாசலிலேயே விட்டிருந்தாள், காக்கை கொத்தித் தின்றது.

என்னிடம் முப்பத்தெட்டாவது கோடு போட்ட அன்றைக்கு வந்தாள். அதுவரை அவள் என்னைக் கேட்கவில்லை, நானே சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. அது தெரிந்தேதான் நான் வடைச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெஞ்சின் மூலையில் தட்டால் மூடி வைத்திருந்த கிளாஸைப் பார்த்தாள். நான் அதை எடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை, ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் தட்டை நீக்கிவிட்டுக் கிளாஸைத் தொட்டாள். ஆவி வந்தது. ஊரில் சோறு ஊசிப்போனது, பால் திரிந்தது, ஆட்களுக்கு நரைகூட விழுந்தது, அந்த டீ மட்டும் ஆறவில்லை.

"இன்னும் சுடுதே அண்ணே" என்றாள். பிறகு சுவரில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "நான் உங்களைச் சாட்சி சொல்லக் கூப்பிடல. மணி மட்டும் சொல்லுங்க. அவிய வந்து குடிக்கேன்னு சொல்லிட்டுப் போனாவல்லா, அதையும் சேத்து எழுதுங்க."

நான் அன்றைக்கு அடுப்பை அணைத்தேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை, அந்தக் கிளாஸை மறுபடி மூடும்போது அதன் சூடு என் கையில் ஏறியது, அவ்வளவுதான். மறுநாள் நாகலூரில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, அதாவது நாற்பத்தோராவது நாள், மதுரையில் நீதிபதிகள் முன்னால் நின்றேன். எத்தனை நாள் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "பால் நாற்பத்தொரு தடவை வந்துச்சுய்யா" என்றேன். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பத்தரைக்குள் லிங்கதுரையை நாகலூர் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். போனில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லியாயிற்று, உத்தரவின் நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும் என்று ஜெசிந்தா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். இருமிக்கொண்டே சந்தனமாரியின் தலையைத் தடவினாள்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் சந்தனமாரி முன் சீட்டில், நான் பின் சீட்டில். அந்த நாற்பத்தோரு நாளில் முதல் தடவையாக அவள் நிறையப் பேசினாள். நாளைக்கு அவியளுக்கு வெள்ளைச் சட்டை கொண்டுபோகணும், கோர்ட்டுக்கு அழுக்குச் சட்டையோடு போனால் நன்றாக இருக்காது என்றாள். காதுகுத்தை அடுத்த வாரமே வைத்துவிடலாம் என்றாள். நாகலூர் வரும்போது வெளியே அந்தியாகி, கடைகளில் விளக்கு எரிந்தது. நாகலூரைத் தாண்டினோம். ஓடைப் பாலம் வரப் போகிறது, வெயில் குத்தும் என்று தெரிந்து நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன். டிரைவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவள் முந்தானையை நெற்றிக்கு இழுத்து முகத்தை வெயிலுக்கு ஆயத்தமாக வைத்துக்கொண்டாள். நீலப் பலகை ஜன்னலில் வந்தது, போனது, பஸ் பாலத்தின் மேல் ஏறி இறங்கியது.

இருட்டாகவே இருந்தது.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட, உங்க ஊருக்கும் ராத்திரி வந்துட்டுதே என்று ஹாரனை விடாமல் அடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தூரத்தில் ஊரில் வேட்டுச் சத்தம் கேட்டது, மாதாகோயில் மணியைச் சேசம்மா நாற்பத்தோரு அந்திக்கும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தாள், கோயிலில் விளக்கு வரிசையாகத் தெரிந்தது, விரியாத மல்லிகையெல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து அந்த மணம் ரோட்டையே மூடியிருந்தது. சந்தனமாரி முந்தானையை நெற்றியிலிருந்து இறக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் பிடித்தபடி, "அண்ணே, வெயில் எங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை வேட்டுச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன்.

கடைக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கிளாஸ் ஜில்லென்று இருந்தது, டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

எதிரே ஸ்டேஷனில் நோட்டு எழுதி முடித்தாகிவிட்டது. பேனா தடையில்லாமல் ஓடியதாம். சாயங்காலம் நாலு பத்துக்கு லிங்கதுரை கைது, ஆறரைக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் வழியில் மரணம். எல்லாம் ஒரே தேதி. இருபத்து நாலு மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது, இவர்களுக்கு இரண்டரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

காவலில் ஆள் இறந்தால் மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். மறுநாள் காலை பத்தரைக்கு, உத்தரவில் இருந்த அதே நேரத்துக்கு, நாகலூர் அரசு ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில், லிங்கதுரை மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜர்படுத்தப்பட்டான். மாஜிஸ்திரேட் மெதுவாகப் பேசுகிற மனிதர். எஸ்.ஐ. விறைப்பாக நின்று, நேற்றுச் சாயங்காலம்தான் பிடித்தோம் என்றார். சந்தனமாரியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

அவள் புருசன் பக்கத்தில் போய் அவன் முகத்தை வலதுபுறம் திருப்பினாள். இடது தாடை மயிரை விரலால் விலக்கிக் காட்டினாள். "அன்னிக்குக் காலைல சவரம் பண்ணிட்டுப் போனாவ அய்யா. பிளேடு கீறின இடம் இந்தா இருக்கு. இதுல எப்படி அய்யா இம்புட்டுத் தாடி?"

கன்னமெல்லாம் அடர்ந்து கழுத்து வரை இறங்கியிருந்தது தாடி. வெட்டிவிட்டுப் போன நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. அவன் உடம்பில் வேறு என்னென்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, அதை டாக்டர் எழுதியிருக்கிறார். ஊர்க் கடிகாரம் நின்றது, போஸ்ட் ஆபீஸ் முத்திரை நின்றது, சூரியனே நின்றது. உள்ளே கிடந்த அவன் உடம்பு மட்டும் ஒரு நாள் விடாமல் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. மாஜிஸ்திரேட் பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து, தாடி மயிரை அளந்தார், டாக்டரிடம் ஏதோ கேட்டார், நின்றபடியே எழுதினார். எழுதி முடித்து, அவளுக்குப் படித்துக் காட்டினார். இந்த நபர் கைது செய்யப்பட்ட நாற்பத்திரண்டாம் நாள் காலை என் முன் ஆஜர்படுத்தப்பட்டார். எஸ்.ஐ.யின் விறைப்பு அப்போதுதான் போனது.

அந்த வரி எழுதப்பட்ட நேரத்தில் உவர்க்குளத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரிலிருந்து நாற்பத்தோரு தாள்கள் தாமாகக் கிழிந்து விழுந்தன என்று சொன்னார்கள். நான் ஊர் திரும்பியபோது பொம்பளைகள் வாசலில் தேதிகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் அடுப்பெரிக்க வைத்துக்கொண்டார்கள், மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் ஒரு தாள்கூட ஊரில் இல்லை. எஸ்.ஐ. மேல் வழக்கு நடக்கிறது, வாய்தா வாய்தாவாக நடக்கிறது. காணாமல் போன மோட்டார் மழைக்காலத்தில் அண்ணாச்சி அளத்துக் கிணற்றுச் சேற்றிலிருந்து கிடைத்தது.

என் கடையில் விழுந்த தாள்களை நான் பெருக்கவில்லை. எண்ணி இரண்டாகப் பிரித்தேன். கடைசி மூன்றைத் தனியாக வைத்துவிட்டு, மற்றதை நூலால் கட்டிக் காலண்டர் இருந்த ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நாள் கழித்துச் சந்தனமாரி சைக்கிளை எடுத்துப்போக வந்தாள், ஆணியில் தொங்கிய கட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள்.

"இது முப்பத்தெட்டும் என்னோடது தாயி" என்றேன்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாக எண்ணினாள், எண்ணிக்கை சரியாக இருந்தது, மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனைத் தாண்டி நடந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி நாலரை ஆகியிருந்தது, அவள் நிழல் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது.